மதர்போர்டு போச்சா… டிரைவர் போச்சா?

சனிக்கிழமை மாலை. ஜெகதளாவில் மூன்று நாளாக விடாத சாரல். பக்கத்து வீட்டுப் பெண் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் குடைக்குள் அணைத்தபடி வந்து நின்றாள். கோவையில் கல்லூரிக் கடைசி வருடம் படிக்கிறாள். திங்கட்கிழமை பிராஜெக்ட் ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டும்.

"அங்கிள், திடீர் திடீர்னு ஹேங் ஆகி நின்னுடுது. கடையில காட்டினோம். மதர்போர்டு போயிடுச்சு, 18,000 ஆகும்னு சொல்றாங்க. இல்லைன்னா ஃபார்மேட் பண்ணிப் பார்க்கலாமாம்."

அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம். பச்சை இலைக்கு இப்போது கிடைக்கிற விலையில் 18,000 ரூபாய் சேர்க்க எத்தனை மூட்டை பறிக்க வேண்டும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஃபார்மேட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கும் வயிறு கலங்கும். சில வருடங்களுக்கு முன், இதே மாதிரி ஹேங் ஆன என் கம்ப்யூட்டரை நானே அவசரப்பட்டு ஃபார்மேட் செய்தேன். பெற்றோரின் மணிவிழா போட்டோக்கள் மொத்தமும் போயின. கோளாறு அப்படியே இருந்தது!

அதனால் எதையும் தொடுவதற்கு முன் அவளிடம் சில கேள்விகள் கேட்டேன்.

"ஹேங் ஆகும்போது பாட்டு ஓடிட்டிருந்தா அதுவும் நின்னுடுமா?"

"இல்லை அங்கிள், பாட்டு ஓடிட்டே இருக்கும். படம் மட்டும் நிக்கும். சில நேரம் ஸ்கிரீன் ஒரு செகண்ட் கறுப்பாகித் திரும்ப வரும். சில நேரம் வராது."

"எப்போதிலிருந்து?"

"போன வாரம் அப்டேட் ஆச்சு. அதுக்கப்புறம்தான்."

இந்தப் பதில்களைக் கேட்டதுமே மதர்போர்டு மீதிருந்த என் சந்தேகம் குறைந்துவிட்டது. பாட்டு ஓடுகிறது என்றால் கம்ப்யூட்டரின் மூளை விழித்துத்தான் இருக்கிறது. திரைக்குப் படம் அனுப்பும் வேலைதான் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. அந்த வேலையைச் செய்வது கிராஃபிக்ஸ் சிப். அதனிடம் விண்டோஸ் நேரடியாகப் பேச முடியாது. நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிதான் டிரைவர் என்கிற சிறிய மென்பொருள். அது ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னாலும் சிப் திகைத்து நின்றுவிடும்.

விண்டோஸ் 2 விநாடி வரை பொறுத்துப் பார்க்கும். அதற்குள் சிப்பிடமிருந்து பதில் வராவிட்டால், டிரைவரைத் தட்டி எழுப்பித் திரும்ப வேலை வாங்கப் பார்க்கும். திரை ஒரு கணம் கறுப்பாகி மீள்வது அதனால்தான். அப்படியும் எழுந்திருக்கவில்லை என்றால் நீலத்திரை வரும். அதில் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று எழுதியிருந்தால் உடனே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கூடவே ஒரு ஃபைல் பெயரும் இருக்கலாம். அது 'என்வி' என்று தொடங்கினால் என்விடியா, 'ஐஜிடி' என்று தொடங்கினால் இன்டெல், 'ஏஎம்டி' அல்லது 'ஏடிஐ' என்றால் ஏஎம்டி. குற்றவாளி தன் பெயரைத் தானே எழுதிவைத்துவிட்டுப் போவது கம்ப்யூட்டரில்தான் நடக்கும்.

இது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் படுத்தன. திட்டு முழுவதையும் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. மறு வருடம் ஒரு வழக்கில் அந்த நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. பதிவான செயலிழப்புகளில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை என்று அவற்றில் இருந்தது. மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தவறுகளால் வந்தவை சுமார் 18 சதவீதம்தான். அப்போது எத்தனை பேர் நல்ல மதர்போர்டைக் கழற்றிக் கொடுத்தார்களோ!

சரி, லேப்டாப்புக்கு வருவோம். முதல் வேலையாக ரிப்போர்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றினோம். அதன் பிறகு ஒரு வீடியோவை ஓடவிட்டுக் காத்திருந்தோம். பத்தாவது நிமிடம் படம் நின்றது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். 'பீப்' என்று ஒரு சத்தம், ஒரு சிமிட்டல், படம் திரும்ப ஓட ஆரம்பித்தது. இந்த நான்கு விசைகளும் டிரைவரை மட்டும் உலுக்கிவிடும். திறந்திருக்கும் ஃபைல் எதுவும் மூடாது. பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்பதற்கு முன் எல்லோரும் ஒரு தடவை இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'ரிலையபிலிட்டி' என்று டைப் செய்தோம். நாள்வாரியாக ஒரு கட்டம் வந்தது. கோளாறு நடந்த நாட்களில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அவள் சொன்னது சரிதான். போன வாரம் வரை சிவப்பே இல்லை. ஒரு நாள் இன்டெல் டிஸ்ப்ளே டிரைவர் அப்டேட் ஆகியிருக்கிறது. மறுநாளிலிருந்து வரிசையாகச் சிவப்பு.

டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியைத் திறந்தால் இரண்டு பெயர்கள் இருந்தன, இன்டெல் ஒன்று, என்விடியா ஒன்று. பல லேப்டாப்களில் இப்படி இரண்டு சிப் இருக்கும். தேதி எதனுடன் பொருந்துகிறதோ அதை மட்டும் தொட வேண்டும். இன்டெல் பெயரில் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்', பிறகு 'ரோல் பேக் டிரைவர்'. பழைய டிரைவர் திரும்ப வந்தது. ரீஸ்டார்ட் செய்து ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டினோம். நிற்கவில்லை. சந்தோஷமாகப் போனாள்.

ஞாயிறு இரவு பத்து மணிக்குத் திரும்ப வந்தாள், மறுபடி ஹேங்!

விண்டோஸ் அப்டேட் நல்லெண்ணத்தோடு அதே புது டிரைவரைத் திரும்பப் போட்டுவைத்திருந்தது. நான் மறந்த விஷயம் இது. 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து 'நோ' கொடுத்தால் பெரும்பாலும் இந்த உபகாரம் நின்றுவிடும். இந்தத் தடவை ரோல் பேக் பட்டன் மங்கிப்போய் இருந்தது, அழுத்த முடியவில்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து அந்த மாடலுக்கென்று இருக்கும் டிரைவரை இறக்கிப் போட்டோம். 'உங்கள் டிரைவர்கள் பழசாகிவிட்டன, இங்கே அழுத்தவும்' என்று வரும் விளம்பரங்களின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள். டிரைவருக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

விண்டோஸுக்குள்ளேயே நுழைய முடியாத அளவுக்குத் திரை உறைந்தால் சேஃப் மோடுதான் வழி. லாகின் திரையில் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாகப் போய் 4-ஐ அழுத்த வேண்டும். சில லேப்டாப்கள் அப்போது பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் தன்னுடைய எளிய டிரைவரையே வைத்து ஓட்டும். அங்கே ஹேங் ஆகவில்லை என்றால் சந்தேகம் கம்பெனி டிரைவர் மேல்தான். விண்டோஸ் வருவதற்கு முன்னால் காட்டும் கம்பெனி லோகோவிலேயே கோடு கோடாகத் தெரிந்தால் டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிப்போ கேபிளோ கெட்டிருக்கலாம். அப்போது கடைக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, சூடு. இந்தக் குளிரில் என்ன சூடு என்று கேட்பீர்கள். நம் ஊரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதன் மேலேயே லேப்டாப்பை வைத்து வேலை செய்கிறோம். அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபடுகின்றன. கம்பளி இழை ஃபேனுக்குள் போய்ச் சுற்றிக்கொள்கிறது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகே ஹேங் ஆகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். டிரைவரே சூட்டைக் கிளப்பிய கதையும் உண்டு. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவர் ஃபேனைச் சரியாக ஓடவிடாமல் கார்டுகளைச் சூடாக்கியது. அவசர அவசரமாகத் திரும்பப் பெற்றார்கள்.

ஞாயிறு இரவு பன்னிரண்டு வரை அந்த லேப்டாப் என் சாப்பாட்டு மேஜையில் வீடியோ ஓட்டிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை. காலையில் அவள் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கீழே இறங்கினாள். மதியம் 'சப்மிட் பண்ணிட்டேன் அங்கிள்' என்று வாட்ஸ்அப் வந்தது. மாலையில் அவள் அப்பா மண்ணோடு ஒரு பை கேரட் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம்: லேப்டாப் பேட்டரி உப்பியிருக்கிறதா? என்ன செய்யக் கூடாது?