எனக்கு மட்டும் ஏன் நல்லெண்ணெய்?

இரண்டு வாரம் முன்பு இதே பகுதியில் ஒரு சகோதரி, தினமும் காலையில் நல்லெண்ணெய் கொப்பளித்தால் வாய் சுத்தமாகிறது, பல் டாக்டருக்கு அழும் காசும் மிச்சம் என்று எழுதியிருந்தார். முதலில் சொன்னது சரி. இரண்டாவதாகச் சொன்னதை நம்பித்தான் நான் ஒரு கடைவாய்ப் பல்லைத் தொலைத்தேன்.

எங்கள் பக்கம் நல்லெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. சிவகிரியில் ஏலம் போகும் எள்ளை வாங்கி வந்து, கருப்பட்டி போட்டுச் செக்கில் ஆட்டி வைத்துக்கொள்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நான் பள்ளிக்கூடம் சேர்ந்த 1990களில்தான், டாக்டர் கராச் என்பவர் பெயரைச் சொல்லி இந்த எண்ணெய் வைத்தியம் ஊரெல்லாம் பரவியது. தலைவலி, மூட்டுவலி, சர்க்கரை எல்லாமே போய்விடும் என்றார்கள். என் மாமியார் அன்று பிடித்த பழக்கத்தை இன்றும் விடவில்லை. "துப்பறப்ப வெள்ளையா வந்தா நஞ்செல்லாம் இறங்கிருச்சுன்னு அர்த்தம் அம்மிணி" என்பார்.

போன தை மாதம் எனக்கு இடது பக்கம் கடைவாயில் சுருக்கென்று ஒரு வலி. அத்தை சொன்னபடி ஒரு ஸ்பூன் எண்ணெய், வெறும் வயிற்றில் இருபது நிமிஷம். மாசி கடைசியில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை, பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் எல்லாம் சொன்னேன்! சித்திரையில், மாரியாத்தா நோம்பி சாட்டியிருந்த நேரம், ஒரே ராத்திரியில் கன்னம் பந்து மாதிரி வீங்கி, கண் திறக்க முடியவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் வரை சீழ் பிடித்துவிட்டது, பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார். தையிலேயே போயிருந்தால் சின்னதாக அடைத்தே காப்பாற்றியிருக்கலாமாம்.

என் அக்கா மகள் பல் மருத்துவம் படிக்கிறாள். "பல்லுக்குள்ள நரம்பு செத்துட்டா வலி நின்னுரும் சித்தி, சீழ் மட்டும் உள்ளேயே வளரும்" என்றாள். ஒரு பாட்டிலில் தண்ணீரும் நல்லெண்ணெயும் ஊற்றிக் குலுக்கி அத்தையிடம் காட்டினாள். வெள்ளையாகத்தான் இருந்தது. "இதுல என்னங்க பாட்டி நஞ்சு இருக்குது?" என்றதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

அவள் எண்ணெய்க்கு விரோதி இல்லை. சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் செய்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொன்னாள். ஈறு வீக்கமுள்ள 20 பையன்களில் பாதிப் பேருக்கு நல்லெண்ணெய், பாதிப் பேருக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் குளோர்ஹெக்சிடின் கொடுத்திருக்கிறார்கள். 10 நாளில் இரண்டு கூட்டத்துக்குமே பல்லில் படியும் அழுக்கும் ஈறு வீக்கமும் குறைந்ததாம். ஆனால் அது ஈறு, என்னுடையது சொத்தை. விழுந்த குழியை எந்த எண்ணெயும் மூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இதைப் பழக்கவே கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து என்றும் சொன்னாள். (பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். நான் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.)

ஆந்திராவில் 1996-ல் 'ஆந்திர ஜோதி' பத்திரிகை இதைப் பற்றி வாசகர்களைக் கேட்டதில், பதில் எழுதிய 1041 பேரில் 927 பேர் ஏதோ ஒரு வியாதி குணமானதாகச் சொன்னார்களாம். கேட்கப் பெரிய கணக்குதான். குணமாகாதவர்கள் ஸ்டாம்பு ஒட்டி எழுதிப் போடுவார்களா, சொல்லுங்கள்? மாசி மாதம் என்னைக் கேட்டிருந்தால் நானும் அந்த 927-ல் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

எனக்கு இப்போது உறுத்துவது வேறு. என் வீட்டுக்காரருக்குப் பல் வலித்தபோது மறுநாளே டாக்டர். மகளுக்குப் பால் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்ததும் அன்று சாயந்திரமே டாக்டர். எனக்கு மட்டும் நல்லெண்ணெய்! யாரும் என்னைத் தடுக்கவில்லை. பல்லுதானே, இதற்குப் போய்க் காசைக் கரைக்கோணுமா என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் தெருவில் விசாரித்தால் அநேகம் பேர் கதை இதுதான். காசு இல்லை என்று சொல்லவும் முடியாது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பார்க்கிறார்கள். ஒரு காலை நேரம் அடுப்படியை விட்டு நகரவேண்டும், அதுதான் நமக்கு ஆவதில்லை.

என் பல் போன பிறகு அத்தையின் வாயையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். நாற்பது வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுபவர். கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண். மாசக்கணக்காக இருக்கிறதாம், எண்ணெயில் ஆறிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் காட்டிவிட வேண்டும் என்று அக்கா மகள் கையோடு கூட்டிப் போனாள். சதை எடுத்துப் பரிசோதித்ததில், ஆத்தா புண்ணியத்தில், புற்று இல்லை. புகையிலையை அன்றே விடச் சொல்லிவிட்டார்கள்.

இன்றும் காலையில் நானும் அத்தையும் கிணற்றடியில் உட்கார்ந்து எண்ணெய் கொப்பளிக்கத்தான் செய்கிறோம். துப்பிவிட்டு, பேஸ்ட் போட்டுப் பல் துலக்குகிறோம். அடுத்த மாதம் இரண்டு பேருக்கும் டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, பல்லடம்.