சான்றைத் தொகுப்போரும் சான்றோரே

புதிய ஆய்வை நடத்துவதே அறிவுப்பணி. நடந்து முடிந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்துச் செப்பஞ்செய்து வெளியிடுவது எழுதுவினைஞர் வேலை என்னும் எண்ணம் அறிவுலகிலே ஆழ வேரூன்றியுள்ளது. பிற துறைகளில் இது வெறும் செருக்காக இருக்கலாம். மருத்துவத்திலோ இது உயிர்களைப் பலிகொண்ட தவறாகும்.

குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்க்கு ஸ்டெரொயிட் மருந்து கொடுப்பின், சிசுவின் சுவாசக் கோளாறும் இறப்பும் குறையும் என்பதைக் காட்டிய நியூசிலாந்துப் பரிசோதனையின் முடிவுகளை லிகின்ஸ், ஹோவி ஆகியோர் 1972 இல் வெளியிட்டனர். தொடர்ந்து வேறு பரிசோதனைகளும் நடைபெற்றன. எனினும் அவற்றை ஒருங்கே வைத்து எடைபோட்ட முறைசார் மீளாய்வு 1989 வரை வெளிவரவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு அம்மருந்தைப் பரிந்துரைத்தது 1994 இலேதான். சான்று இருந்தது, அதைத் தொகுக்கும் அமைப்பு இருக்கவில்லை. இடைக்காலத்தில் மாண்ட சிசுக்களுக்கு யார் பொறுப்பு?

எழுமாற்றுப் பரிசோதனைகளைத் துறைதோறும் திறனாய்ந்து தொகுத்து, காலந்தோறும் புதுப்பிக்க மருத்துவ உலகு தவறிவிட்டது என ஆர்ச்சி கொக்ரேன் 1979 இல் கண்டித்தார். அவர் பெயரால் ஒக்ஸ்போர்ட்டில் 1992 இல் ஒரு நிலையமும், 1993 இல் சர்வதேசக் கூட்டமைப்பும் தோன்றின. ஆய்வுத்திட்டத்தை முன்கூட்டியே வெளியிடல், தரவுத்தளங்களைத் துருவித் தேடல், இருவர் தனித்தனியே ஆய்வுகளைத் தெரிதல், பக்கச்சார்பை மதிப்பிடல், புள்ளிவிபரங்களைச் சரிபார்த்தல் என்பன அதன் நெறிகளாயின. மீளாய்வை எழுதுவோரிற் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். ஆனால் அவர்களை வழிநடத்தும் பதிப்பாசிரியரும் தகவல் நிபுணரும் இன்றி இந்நெறிகள் ஏட்டுச் சுரைக்காயே.

இவ்வுண்மையைப் பணம் வழங்குவோர் உணர்ந்தாரில்லை. ஐக்கிய இராச்சியத்தில் இயங்கிய மீளாய்வுக் குழுக்களுக்குத் தேசிய சுகாதார, பராமரிப்பு ஆராய்ச்சி நிறுவனம் அளித்துவந்த உள்கட்டமைப்பு நிதி 2023 மார்ச்சுடன் நின்றது. குழுக்கள் மிகப்பல, பணி மந்தம், மையப்படுத்தினால் விரைவு கூடும் என வாதிப்போர் உளர். மந்தம் உண்மையே. ஆனால் மந்தத்துக்கு மருந்து பணியாளரைக் கூட்டுவதேயன்றி, ஆண்டுக்கணக்கில் ஈட்டிய துறையறிவைக் கலைப்பதன்று.

ஒருமுறை தொகுத்தாயிற்று, இனி என்ன வேலை என்பாரும் உளர். அதே ஸ்டெரொயிட் மருந்தே அவர்களுக்கு விடை கூறும். அதன் பயன்பாட்டை ஆறு நாடுகளின் சமூக மட்டத்திற் பரப்பிய பரிசோதனையொன்று, மொத்தச் சிசு மரணம் கூடியதாக 2015 இல் அறிவித்தது. இந்தியா, கென்யா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளிலே தக்க பராமரிப்புடன் கொடுத்தபோது மரணம் குறைந்ததென 2020 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எங்கே, எவருக்கு, எந்நிலையில் என்பதைப் புதிய சான்றோடு மீண்டும் மீண்டும் எடைபோட வேண்டியிருக்கிறது. இது ஓய்வுநேரத் தொண்டால் நிறைவேறும் காரியமன்று.

பரிசோதனைக்குக் கோடிகளை வழங்கி, அதன் பயனை உலகுக்கு உரைக்கும் பதிப்புப் பணிக்குக் கைவிரிப்பது, வயலை உழுது விதைத்துவிட்டு அறுவடைக்கு ஆளில்லை என்பதை ஒக்கும். சான்றைத் தொகுத்தல் தனியார் தருமமன்று. பொதுப்பணத்தால், நிலையான அமைப்பால் நடைபெறவேண்டிய பொதுக்கடமை. பல்கலைக்கழகங்கள் அதனை ஆய்வென ஏற்று மதிக்கும் நாளிலேயே அக்கடமை நிறைவேறத் தொடங்கும்.