தேயிலையும் நம் கரிசலும்

நம் கரிசல் களிமண்ணிலும் அலுமினியம் ஏராளம் உண்டு. சுண்ணாம்பு கலந்த கார மண்ணாதலால் அது கரையாமல் கட்டுண்டு கிடக்கிறது. நீலகிரியின் அமில மண்ணிலோ அது கரைந்து, பெரும்பாலான பயிர்களின் வேர் நுனிகளை முடக்கிவிடும். தேயிலைச் செடி அஞ்சுவதில்லை! அதை உறிஞ்சி, ஆக்சாலிக் போன்ற கரிம அமிலங்களால் பிணைத்து, முதிர்ந்த இலைகளின் செல்சுவர்களில் ஒதுக்கி வைக்கிறது. நாம் அருந்தும் கொழுந்தில் மிகக் குறைவே.

இதைப் படிக்கும் நாம், நம் தந்தையர் நிலத்தின் குணத்தை அறிவோமா? கரிசலில் குறை நஞ்சன்று, பட்டினி. இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டுவதில்லை. சோளம் வெளுத்தால் யூரியாவுக்குக் கடன் வாங்குகிறார்கள். 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. நம் தாவரவியல் துறை, விடுமுறை முடிந்து திரும்பும் ஒவ்வொருவரிடமும் ஊர் மண்ணில் ஒரு பிடி கேட்டு வாங்கிச் சோதித்துத் தரலாமே!