கணனி வாங்கும்போது கேளுங்கள்

கற்பிட்டி, ஆலங்குடா, தில்லையடிப் பக்கம் வீட்டிலேயே தட்டச்சு வேலை தொடங்கப் பழைய கணனி தேடும் சகோதரிகளே, விலையோடு இன்னொன்றையும் கேளுங்கள். உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு அனுமதிப்பத்திரம் உண்டா?

"எல்லாம் போட்டுத் தாறன்" என்று கடைக்காரர் சொன்னால் அது பெரும்பாலும் களவுப் பிரதிதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, தெரிந்துகொண்டே அதை வைத்துத் தொழில் செய்வது குற்றம். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவும் 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. பல பழைய கணனிகள் விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை.

லினக்ஸ் வேறு விதம். பிரதியெடுக்கலாம், மாற்றலாம், அயல்வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்று அதன் அனுமதிப்பத்திரமே சொல்கிறது. காசு மிச்சம் என்பது அதற்கு அடுத்த நன்மைதான்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய இலங்கைக் கணனியாளர்கள் எழுதிய 'சஹானா' மென்பொருளும் இவ்வாறு கட்டற்றதே. அதனால்தான் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அதை எடுத்துப் பாவிக்க முடிந்தது. முகாம் பதிவேட்டில் ஒரு பெயர் விடுபட்டால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குறையும் உண்டு. சில பிரின்டர்கள் லினக்ஸில் முரண்டுபிடிக்கும். விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருள் ஓடாமற் போகலாம். கடிதம், விண்ணப்பம் தட்ட லிப்ரே ஒபிஸ் தாராளமாகப் போதும். லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். கணனியில் உள்ளதை அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டலாம். உங்கள் பிரின்டரில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.