ஓட்டல் தொழிலாளரும் யோக்கியதாபத்திரமும்

வீட்டில் அடுப்பு மூட்ட வழியின்றியோ, வேலையின் நிமித்தமோ வெளியில் உண்போரின் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. ரெயிலடியிலும் பஸ் நிலையத்திலும் மாணவர் விடுதியிலும் இலையின் முன் அமரும் ஒவ்வொருவரும், தாம் முகம் அறியாத ஒரு சமையற்காரரின் கையில் தம் உயிரை ஒப்புவித்துவிட்டே அமர்கின்றனர். அந்தக் கை சுத்தமானதா என்று கேட்கும் உரிமை உண்போருக்கு உண்டு. அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டிய வசதியைக் கேட்கும் உரிமை அந்தக் கைக்கு உடையவருக்கும் உண்டு. முதல் உரிமையைப் பற்றிச் சட்டம் பேசுகிறது; இரண்டாவதைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே.

2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, உணவுத் தொழிலில் ஈடுபட்டிருப்போருக்கும் ஈடுபட விரும்புவோருக்கும் பயிற்சியளிப்பதை அதிகார சபையின் கடமைகளுள் ஒன்றாக விதித்திருக்கிறது. இதையொட்டி 2017-ஆம் வருஷத்தில் பயிற்சியும் சான்றிதழும் வழங்கும் திட்டமொன்று ஆரம்பமாயிற்று. லைசென்ஸ் பெற்ற ஓட்டல்களில், உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டுமென்பது அதன் சாரம். அவர் பெறும் பத்திரம் இரண்டு வருஷ காலம் செல்லும். கோவிட் தொற்றுக்குப் பின் இப்பயிற்சி ஆன்லைன் வழியாகவும் நடைபெற்று வருகிறது.

பயிற்சி அவசியமா என்று வினவுவோர் சிலர் உளர். பாட்டி காலத்திலிருந்து சமைத்து வருகிறோமே, இதற்கொரு பாடமா என்பது அவர்கள் வாதம். ஓர் உதாரணம் கூறுவோம். அரிசியில் பாஸில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் இருப்பதுண்டு. சோறு கொதிக்கும்போதும் அவை சாவதில்லை. வடித்த சோற்றை அண்டாவோடு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்திருந்தால் அவை முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்குகின்றன. அவ்விஷம், சோற்றை மீண்டும் ஆவியில் வைத்துச் சூடாக்குவதாலும் அழிவதில்லை. கண்ணுக்கும் நாவுக்கும் அச்சோறு நல்ல சோறாகவே தோன்றும். சூடாக வைக்க வேண்டியதை 60 டிகிரிக்கு மேலும், குளிர்ச்சியாக வைக்க வேண்டியதை 5 டிகிரிக்குக் கீழும் வைக்க வேண்டும் என்ற விதியின் பொருள் இதுவே. இதனைக் கைப்பக்குவம் மட்டும் கற்பிக்காது. சொல்லித்தர ஒருவர் வேண்டும். 2022-ஆம் வருஷத்தில் கேரளத்தின் செறுவத்தூரிலும், 2023-ஆம் வருஷத்தில் நமது நாமக்கல்லிலும் ஷவர்மா உண்ட சிறுமியர் மாண்ட செய்தியை மறந்தவர்களே பயிற்சி வேண்டாம் என்று கூற இயலும்.

ஆன்லைன் முறையையும் நாம் குறை கூற வரவில்லை. சிற்றூரில் தோசைக் கல்லின் முன் நிற்பவர் ஒரு நாள் கூலியை இழந்து ஜில்லாத் தலைநகருக்கு வண்டியேற வேண்டாம். பாடம் அவர் கைத்தொலைபேசியிலேயே வந்து சேருகிறது. இது நன்மையே. ஆனால், கைத்தொலைபேசி சமையற்கட்டைப் பார்ப்பதில்லை. அங்கே சோப்பு உண்டா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பச்சை மாமிசத்தை வெட்டிய கத்தியாலேயே வெங்காயமும் நறுக்கப்படுகிறதா என்பதொன்றும் அதற்குத் தெரியாது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுத் தேறுவது ஞாபகசக்திக்குப் பரீட்சையாகுமேயன்றி, கைப்பழக்கத்துக்குப் பரீட்சையாகாது. தொட்டவர் தொழிலாளர்தாமா, அவருக்காக முதலாளியின் மைந்தரா என்பதும் கேட்கத்தக்க கேள்வி.

பத்திரம் ஒன்றே போதுமென்று கருதினால் விளைவது என்ன? கேரளத்தில் ஓட்டல் தொழிலாளருக்குச் சுகாதார அட்டை கட்டாயமாக்கப்பட்ட அதே 2023-ஆம் வருஷத்தில், பரிசோதனை செய்யாமலே பணம் பெற்று அட்டை வழங்கியதாகச் செய்தி வெளியாகி, அரசாங்க டாக்டர் மீது நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. நேரில் செய்ய வேண்டிய பரிசோதனையின் கதியே இதுவானால், கண்ணுக்கு எட்டாத பரீட்சையின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, பயிற்சிக்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி. இதில் அமெரிக்காவின் அனுபவம் நாம் கவனிக்கத்தக்கது. கலிபோர்னியா ராஜ்யம் 2010-ஆம் வருஷத்தில் செய்த சட்டப்படி, உணவைக் கையாளும் தொழிலாளர் வேலையில் சேர்ந்த 30 நாட்களுக்குள் பரீட்சை தேறி அட்டை பெற வேண்டும். பரீட்சையை ஆன்லைனிலேயே எழுதலாம். பலர் சுமார் 15 டாலரைத் தம் கையிலிருந்தே கட்டினர். அப்பணத்தின் பெரும்பகுதி எங்கே சென்றது? ஓட்டல் முதலாளிகளின் தேசிய சங்கத்துக்குச் சொந்தமான பயிற்சி ஸ்தாபனத்துக்குச் சென்றது. அச்சங்கமோ குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் முயற்சிகளை எதிர்த்து வந்த சங்கம். 2010 முதல் 36 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இப்பயிற்சி பெற்றனர் என்றும், அதனால் சுமார் இரண்டரைக் கோடி டாலர் வருமானம் கிடைத்ததென்றும் 2023 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. தம் கூலி உயராதிருக்கத் தாமே சந்தா கட்டியதை அத்தொழிலாளர் அறியார்! செய்தி வெளியானதும் கிளர்ச்சி எழுந்தது. 2024 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் பயிற்சிச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். பயிற்சிக்குச் செல்லும் நேரமும் வேலை நேரமாகக் கணக்கிடப்பட்டுக் கூலி தரப்பட வேண்டும். முன்பே அட்டை வைத்திருந்தால்தான் வேலை என்று நிபந்தனை விதிக்கவும் கூடாது. இந்த மூன்று விதிகளும் நம் தேசத்துக்கும் பொருந்துவனவே.

மற்றொரு விஷயம் இதனினும் முக்கியமானது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்டவர் உணவைத் தொடலாகாது என்று எல்லாப் பாடங்களும் போதிக்கின்றன. ஆனால், வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்று முதலாளி கூறினால், தொழிலாளர் எந்தப் போதனையைக் கேட்பார்? நியூயார்க் நகரில் மேரி மாலன் என்ற சமையற்காரி, தமக்கு நோய்க்குறி ஏதுமின்றியே டைபாய்டு கிருமியைச் சுமந்து பலருக்குப் பரப்பினார். 1907-ஆம் வருஷத்தில் அவரைக் கண்டுபிடித்துத் தீவொன்றில் தனியே வைத்தனர். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின்பேரில் 1910-இல் விடுதலை செய்தனர். சலவைத் தொழிலில் கிடைத்த கூலியோ சமையல் கூலியினும் குறைவு. ஆகவே பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுப்படிக்குச் சென்றார். 1915-இல் ஓர் ஆஸ்பத்திரியில் 25 பேர் நோய்ப்பட்டனர். அவர் மறுபடியும் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1938-இல் மரிக்கும் வரை அங்கேயே வைக்கப்பட்டார். அவர் செய்தது சரியென்று நாம் கூறவில்லை. ஆனால், வயிற்றுக்கு வழி காட்டாமல் வாக்குறுதி மட்டும் வாங்கும் சட்டம் ஊரைக் காப்பாற்றாது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

பாஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று நம் ஊர் ஓட்டல்களில் இலை எடுப்பவரும் பாத்திரம் துலக்குபவரும் பலர் ஒரிஸாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்தவர்கள். கல்லாவில் அமர்ந்திருக்கும் மானேஜர் ஆங்கிலத்தில் பாடம் கேட்டுத் தேறிவிட்டால், உள்ளே இருக்கும் 24 பேருக்கும் ஞானம் தானே உண்டாகிவிடாது. மேற்பார்வையாளர் மற்றவர்க்குக் கற்பிக்க வேண்டுமென்பதே திட்டத்தின் நோக்கம். கற்பிக்கிறாரா என்று சோதிப்போர் வேண்டும்; கேட்போருக்கு விளங்கும் பாஷையிலும் பாடம் இருக்க வேண்டும்.

இவ்வளவு செலவைச் சிறு கடைக்காரர் தாங்குவாரா என்ற ஆட்சேபம் நியாயமானதே. தள்ளுவண்டி வைத்துப் பிழைப்பவரைப் பெரிய ஓட்டல் முதலாளியோடு ஒரே தராசில் நிறுத்தலாகாது. அத்தகையோரின் பயிற்சிச் செலவை முனிசிபாலிடிகளும் பஞ்சாயத்துகளும் ஏற்பதே முறை. தண்ணீர்க் குழாய் ஒன்றையும் அருகில் அமைத்துத் தருவது அதனினும் முறை. பெரிய ஓட்டல்களுக்கோ இந்த ஆட்சேபம் பொருந்தாது. விளக்கலங்காரத்துக்கும் விளம்பரத்துக்கும் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதி, சோப்புக்கும் நோயுற்ற நாளின் கூலிக்கும் போதுமானது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுவே. பாடம் ஆன்லைனில் நடக்கட்டும். பரீட்சையின் ஒரு பகுதியேனும் அடுப்படியில் நடக்கட்டும். செலவு முதலாளியுடையதாகவும், நேரம் கூலியுடையதாகவும் இருக்கட்டும். நோய்ப்பட்டவர் கூலியிழக்காமல் வீட்டில் தங்கச் சட்டம் இடங்கொடுக்கட்டும். தொழிற்சங்கங்கள் கூலி உயர்வோடு இவற்றையும் தம் கோரிக்கைகளில் சேர்த்துக்கொள்வது அவசியம்.

நேயர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை ஓட்டலில் நுழையும்போது, சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் பத்திரத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். பரிமாறுகிறவர் கைகழுவும் இடம் எங்கே என்று முதலாளியை ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது நாள் அங்கே சோப்பு இருக்கும்.