எண்ணிக்கை யாருக்காக?



இவ்வாண்டு நம் மன்றம் ஒரு நடைப் போட்டி வைக்க எண்ணியிருப்பதாகச் செயலாளர் அறிவித்திருக்கிறார். மாதம் முழுதும் கைபேசி காட்டும் காலடிக் கணக்கில் முன்னிற்பவருக்குப் பரிசாம். பெயர்களும் எண்களும் அறிவிப்புப் பலகையில் நாள்தோறும் ஏறுமாம். நடப்பது நல்லது, நடந்ததை எண்ணுவதும் நல்லது. எண்ணியதைப் பலகையில் தொங்கவிடுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று எல்லோரும் ஜபிக்கிறோமே, அந்த எண் எங்கிருந்து வந்தது? மருத்துவர் எவரும் ஆராய்ந்து கண்டதன்று. 1965-ல் ஜப்பானியக் கம்பெனியொன்று இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். பெயர் கவர்ச்சியாக இருந்தது, எண் உலகெங்கும் பரவிவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் மூதாட்டியர் பதினாறாயிரம் பேருக்கு மேல் வைத்து ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரணம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நாம் மூதாட்டிகள் அல்லர், உண்மை. ஆனால் பத்தாயிரம் வேதவாக்கு அன்று என்று காட்ட இது போதாதா?

அடிக்கு அடி சமமுமன்று. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 தான், ஆனால் செங்குத்து அதிகம். நம் மைதானத்தில் 3,550 அடியை அரட்டை அடித்தபடியே முடித்துவிடலாம். கைபேசிக்கோ எல்லாம் ஒன்றே. அறுபது கிலோ எடையுள்ளவர் எழுநூறு மீட்டர் உயரம் ஏறினால், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை மட்டும் நான்கு லட்சம் ஜூலுக்கு மேல். (பௌதிகம் படிப்பவன் கணக்குப் போடாமல் மலையேறமாட்டான், மன்னியுங்கள்.) நான் படியை எண்ணுவதில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு நிமிஷம் நாடியை எண்ணுவேன். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தபின் மறுபடி எண்ணுவேன். இரண்டையும் குறித்து வைப்பேன். நாடி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது என் உடல்நிலையை எனக்குச் சொல்கிறது. அதை வேறு யாருக்கும் காட்ட வேண்டிய அவசியம் நேர்ந்ததில்லை.

இதே பழக்கம் வயிற்றுப் பிழைப்பிலும் உதவுகிறது. ஊரைவிட்டுப் படிக்க வந்தவன் நான். விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்துக்காகச் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிச் சித்தூர் போய், ஒரு மொத்த வியாபாரிக்காகக் கடைகளில் நோட்டுப் புத்தக ஆர்டர் பிடிக்கிறேன். எத்தனை கடை ஏறினேன், எத்தனை மணிக்கு, ஆர்டர் கிடைத்ததா என்று மூன்றே பத்தி. சில மாதம் எழுதியபின் பார்த்தால், பெரும்பாலான ஆர்டர்கள் காலை பத்து மணிக்கு முன் வந்தவை! "தம்பி, கூட்டம் வந்துட்டா எனக்கு மூச்சுவிட நேரமில்லே, காலையிலேயே வந்துடு" என்று ஒரு கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். அது அவர் ஒருவர் குணம் என்றிருந்தேன். இப்போது விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

அமெரிக்காவில் பிராங்க் பெட்ஜர் என்றொருவர் இருந்தார். பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து, கை காயப்பட்டபின் பிலடெல்பியாவில் இன்ஷ்யூரன்ஸ் விற்கப் போனவர். தம் ஓராண்டுக் குறிப்புகளைப் புரட்டியபோது, விற்பனையில் 70 சதவீதம் முதல் சந்திப்பிலும், 23 சதவீதம் இரண்டாவதிலும் முடிந்திருக்கக் கண்டார். மிஞ்சிய 7 சதவீதத்துக்காகத் தம் நேரத்தில் பாதியைச் செலவழித்து வந்தார். மூன்றாம் சந்திப்பை விட்டொழித்தார். ஒரு சந்திப்பின் சராசரி வருமானம் 2.80 டாலரிலிருந்து 4.27 டாலராயிற்று. அவர் அந்தக் குறிப்பை எழுதியது தமக்காக.

அதே எண்ணிக்கை மேலதிகாரியின் கைக்குப் போனால் என்னவாகிறது? நான் வேலை செய்யும் இடத்தில் நாளுக்கு முப்பது கடை என்று ஓர் ஆணை வந்தது. அன்று முதல் சிலர் கடைப் பலகையை வாசலிலிருந்தே படம் பிடித்து அனுப்பிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுகிறார்கள். முப்பது நிறைகிறது, ஆர்டர் நிறைவதில்லை. அவர்களை ஏசி என்ன பயன்? கேட்டது முப்பது, கொடுத்தது முப்பது! பெரிய அளவில் இதைச் செய்தது வெல்ஸ் பார்கோ வங்கி. ஊழியர் தலையில் விற்பனை இலக்கை ஏற்ற, அவர்கள் வாடிக்கையாளர் அறியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016-ல் குட்டு வெளிப்பட்டபோது, அப்படித் திறந்தவை இருபது லட்சம் வரை இருக்கலாம் என்றார்கள். வேலை இழந்தவர் 5,300 பேர். இலக்கை ஏற்றியவர்களைவிட ஏவப்பட்டவர்களே முதலில் அகப்பட்டார்கள்.

நம்மில் இரசாயனம் படித்தோர் பலர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளாகப் போகப்போகிறவர்கள். அங்கே பலகை எப்படியும் காத்திருக்கிறது. இங்கேயும் எதற்கு? போட்டிச் செய்தி வந்ததுமே என் விடுதித் தோழர் ஒருவர் முழங்கால் வீக்கத்துடன் இரவு பதினோரு மணிக்கு வராந்தாவில் உலாவுகிறார். "இன்னும் எண்ணூறு பாக்கி" என்கிறார். இன்னொருவர் படுத்தபடியே கைபேசியை ஆட்டி அடிகளைச் சேர்க்கிறார். முன்னவரைப் பற்றித்தான் என் கவலை.

ஆகவே செயலாளருக்கு என் யோசனை: பலகையை விட்டுவிடுங்கள். பரிசுப் பணத்தில் விரும்புவோருக்கு ஆளுக்கொரு சிறு நோட்டு வாங்கிக் கொடுங்கள். மாத முடிவில் யாரும் அதைக் கேட்கவேண்டாம். மீதியில் ஒரு ஞாயிறு விடியற்காலை எல்லோரும் ஸ்ரீவாரி மெட்டு ஏறி, மேலே இட்டிலி சாப்பிடுவோம். முழங்கால் வீங்கியவர் பஸ்ஸில் வரட்டும். நோட்டுகளைச் சித்தூரில் மொத்த விலைக்கே வாங்கித் தர ஒரு ஆளை எனக்குத் தெரியும்.