முன்னா, பின்னா?

“முதலில் போய்ச் சேர்ந்து விடு, அனுமதியையெல்லாம் அங்கே போய் வாங்கிக் கொள்ளலாம்.”

வெளிநாடு சென்று மேற்படிப்புப் படிக்க ஆசைப்படும் மாணவருக்கு இந்த உபதேசம் இன்று எங்கும் கிடைக்கிறது. விடுதி அறையிலே கிடைக்கிறது; தேநீர்க் கடையிலே கிடைக்கிறது; ஏஜெண்டின் அலுவலகத்திலும் கிடைக்கிறது. அங்கே மட்டும் அதற்கு விலை உண்டு!

நம் சங்கத்து நண்பர்களில் ஜெர்மனிக்குச் செல்ல எண்ணுவோர் பலர். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டு உயர்கல்வி நிலையங்களில் ஏறத்தாழ 49,000 இந்திய மாணவர்கள் பயின்றனர். அங்குள்ள அயல்நாட்டு மாணவர் கூட்டத்தில் இந்தியரே முதல் வரிசை. ஆகவே, குடியிருப்பு அனுமதியைப் புறப்படும் முன் கேட்பதா, போய் இறங்கிய பின் கேட்பதா என்பது ஒருவர் இருவருடைய சொந்த விவகாரம் அன்று. நம் அனைவரையும் தொடும் கேள்வி. வேதியியல் ஆய்வுக்கு அங்கே இடம் கேட்டு எழுதியிருப்பவன் என்ற முறையில், என் கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஆஸ்திரேலியா, இஸ்ரேல், ஜப்பான், கனடா, தென் கொரியா, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமலே ஜெர்மனியில் இறங்கலாம். தொண்ணூறு நாட்களுக்குள் அங்கேயே குடியிருப்பு அனுமதி கேட்கலாம். அவர்களுக்கு ‘முன்னா, பின்னா’ என்பது உண்மையான கேள்வி. விருப்பம் போல் ஒன்றைத் தேர்ந்து கொள்வர். நமக்கு அப்படியா? இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் உடையவர் படிக்கப் போவதானால், படிப்புக்கென்றே வழங்கப்படும் நீண்ட கால விசாவைப் பெற்ற பிறகே விமானம் ஏற வேண்டும். சுற்றுலாவுக்கென்று வாங்கும் ஷெங்கன் விசாவோ 180 நாட்களில் 90 நாட்கள் தங்குவதற்கு மட்டுமே. அதைக் காட்டி, “நான் இங்கே படிக்கப் போகிறேன், அனுமதி தாருங்கள்” என்று கேட்டால், பொதுவாகக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: ஊருக்குத் திரும்பிப் போ, முறையான விசாவோடு வா.

அப்படியானால் முன்னால் வாங்கி விட்டால் வேலை முடிந்ததா? அதுவும் இல்லை. இங்கேதான் பலர் குழம்புகின்றனர். கையில் கிடைக்கும் விசா வீட்டு வாசல் வரை கொண்டு விடுவது. அதற்குக் கெடு உண்டு. போய்ச் சேர்ந்ததும், குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு விசாவின் கெடு முடிவதற்குள், அவ்வூர் அயல்நாட்டார் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு மனுச் செய்ய வேண்டும். காலத்தில் மனுச் செய்தவருக்கு, முடிவு தாமதமானாலும் பழைய உரிமை தொடரும். அதற்குச் சான்றும் தருவர். கெடு கடந்து போய் நின்றவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிரான்சிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். விசா முன்னால், வந்து மூன்று மாதங்களுக்குள் அதை உறுதிப்படுத்துவது பின்னால். ஆக, நமக்குரிய விடை முன்னும் அன்று, பின்னும் அன்று, முன்னும் பின்னும்!

இதிலே அநீதி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரே வகுப்பில், ஒரே பாடத்தைப் படிக்கப் போகும் இருவரில் ஒருவர் பெட்டியைத் தூக்கிக் கொண்டு புறப்படுகிறார். மற்றவர் மாதக் கணக்கில் காத்து நிற்கிறார். அறிவில் என்ன வேறுபாடு? பாஸ்போர்ட்டின் அட்டையிலே வேறுபாடு! இதை நாம் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டையும் சற்றே திரும்பிப் பார்ப்போம். நம் வளாகத்துக்குப் படிக்க வரும் ஆப்பிரிக்க மாணவரும் முன்னதாக விசா வாங்கியே வருகிறார். நீண்ட கால விசாவில் வந்தவர் 14 நாட்களுக்குள் பதிவும் செய்து கொள்கிறார். நாம் பிறரிடம் கேட்கும் ஒழுங்கைப் பிறர் நம்மிடம் கேட்கும்போது மட்டும் கொடுமை என்று கூவுவதில் பொருள் இல்லை.

பணம் இன்னொரு தடை. இதுவே பெரிய தடை. சொந்தச் செலவில் படிக்கப் போகிறவர் ஓராண்டுச் செலவை முடக்கிய கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோ என உயர்த்தப்பட்டது. நம் பணத்தில் பத்து இலட்சத்துக்கு மேல். என் தந்தையார் போளூர்ப் பக்கத்திலிருந்து லோத்குண்டாவுக்குப் பிழைக்க வந்து, டிபன் கடை வைத்திருப்பவர். அவருடைய அடுப்பு எத்தனை ஆண்டு எரிந்தால் பத்து இலட்சம் மிஞ்சும்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவனிடம் வந்து, “சுற்றுலா விசாவுக்கு இவ்வளவு வேண்டாம் தம்பி” என்று ஒருவர் சொல்லும்போது, மனம் அசையத்தான் செய்யும். எனக்கும் அப்படிச் சொன்னார்கள். வீட்டில் கேட்டேன். “அம்மா நகையை வைக்கலாம் கண்ணு. பொய் சொல்லிப் போக வேண்டாம்” என்றார் என் தந்தையார். சம்பளத்தோடு ஆய்விடம் கிடைத்தால் அச்சம்பளமே செலவுக்குச் சான்றாகும். கிடைக்கும் வரை காத்திருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு பருவம் போனால் அடுத்த பருவம் வரும். பொய் சொன்ன பெயர் போகுமா?

அந்தப் பெயர் ஒருவரோடு நிற்பதும் இல்லை. நாம் வாழும் இந்த நகரத்தின் வரலாறே அதற்குச் சாட்சி. நிஜாம் ஆட்சியில் 1919-இல் வந்த முல்கி விதிகள், அரசு வேலைக்கு 15 ஆண்டுக் குடியிருப்பைக் கேட்டன. வெளியார் பொய்ச் சான்றிதழ் வாங்கி வேலைகளில் புகுந்து விட்டனர் என்ற குமுறல் 1952-இல் மாணவர் கிளர்ச்சியாக வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. “இட்லி சாம்பாரே திரும்பிப் போ” என்ற முழக்கம் அன்று தெருக்களில் கேட்டது. பொய்ச் சான்று வாங்கியோர் சிலராக இருக்கலாம். ஆனால் சுடுசொல் விழுந்ததோ, ஒரு பாவமும் அறியாமல் இட்லி தின்றவர் அனைவர் மீதும்! இன்று குறுக்கு வழியில் ஒருவர் போனால், நாளை நேர் வழியில் செல்லும் நம் தம்பி தங்கையரின் மனுவை அதிகாரி ஐயக் கண்ணோடு புரட்டுவார்.

இருக்கிற மண்ணிலே பின்னால் அனுமதி கேட்டு நிற்கும் நிலை எத்தகையது என்பதைத் தமிழர் அறிவர். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம்மவரை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுச் செய்தனர். ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அவர்கள் செய்த குற்றம் ஏதுமில்லை. உழைப்பு இருந்தது, ஏடு இல்லை. அவர்களுக்கு முன்னால் கேட்கும் வாய்ப்பே தரப்படவில்லை. நமக்கு அவ்வாய்ப்பு இருக்கிறது. இருந்தும் அதை உதறி விட்டுப் பிறர் தயவில் போய் நிற்பது அறிவுடைமை ஆகுமா?

காத்திருப்பு நீளுமே என்பர் சிலர். நீளும். ஆகவேதான் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்கிறேன். 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவரின் பட்டங்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று கட்டாயமாகியது. மறுப்பு வந்தால் தூதரகத்திடமே மறு ஆய்வு கேட்கும் வழியும் 2025 ஜூலை 1-இல் மூடப்பட்டது; புதிதாக மனுச் செய்யலாம், அல்லது ஜெர்மன் நீதிமன்றம் ஏறலாம். எனவே முதல் மனுவே முழு மனுவாக இருத்தல் வேண்டும். இறுதியாண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திராமல், அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தாள்களைச் சேர்க்க வேண்டும்.

இதில் நம் சங்கத்துக்கும் கடமை உண்டு. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நன்று. அதனுடன், சென்று வந்த மூத்தோர் எந்தத் தாளை எப்போது கொடுத்தனர், எத்தனை நாள் ஆயிற்று என்பதை எழுதி வைக்க ஒரு பதிவேடு வைப்போம். மதிப்பெண் பட்டியல்களைத் தாமதமின்றித் தர வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்போம். கட்டணத்துக்குத் திண்டாடும் தோழருக்குக் கைம்மாற்றுத் தர, மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஒரு சிறு நிதி தொடங்குவோம். தகவல் இல்லாத இடத்திலேதான் ஏஜெண்டு முளைக்கிறார். தகவலை நாமே தருவோமானால் அவருக்கு இங்கே வேலை இல்லை.

போளூரிலிருந்து லோத்குண்டாவுக்கு வர என் தந்தையாருக்கு ரயில் சீட்டு ஒன்றே போதுமாயிருந்தது. இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆம் விதி அவருக்குக் கொடுத்திருந்தது. கடலுக்கு அப்பால் அந்த உரிமை நம்முடன் வாராது. அங்கே நாம் விருந்தினர். மாணவ நண்பர்களே, விருந்தினராகச் செல்வோர் வாசலில் நின்று பெயர் சொல்லி, வந்த காரியத்தையும் உள்ளபடி சொல்லி உள்ளே போவோம். தாமதமாகப் போனாலும் தலை நிமிர்ந்து போவோம்!